நடந்தால் மட்டும் ஒட்சிசன் இறங்குகிறதா? வன்னியில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அம்மா கதிரையில் இருந்தால் அவருக்கு ஒரு வருத்தமும் இருப்பதாகத் தெரியாது. நன்றாகக் கதைப்பார். விரலில் ஒட்சிமீற்றர், அதாவது இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று காட்டும் கருவி, மாட்டினால் 95 காட்டும். எழும்பிக் கிணற்றடிக்குப் போய் வந்தால் போதும், படலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். உதடு கருநீலமாகிவிடும், ஒரு சொல் பேச முடியாது. நாற்பது வருடம் விறகடுப்பில் சமைத்தவர். ஒரு நாளும் புகைத்ததில்லை. அடுப்புப் புகையாலும் நுரையீரல் இப்படி அடைபடும் என்பது கிளினிக்கில் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இதைச் சரிப்படுத்த எங்களுக்கு எட்டு மாதம் பிடித்தது. அதில் ஐந்து மாதம் வீணாகப் போனது, காரணம் ஒழுங்கு பிழைத்ததுதான். முதலில் ஒட்சிசன் மிசின் வாங்கினோம், பிறகுதான் பரிசோதனைக்குப் போனோம். அந்த இடைவெளியில் அம்மா நடப்பதையே விட்டுவிட்டார். "மிசின் சரிவரட்டும் பிள்ளை, பிறகு நடக்கிறன்" என்பார். நாங்களும் சரி என்று இருந்துவிட்டோம். அந்த ஐந்து மாதத்தில் கால் மெலிந்துபோனது, அதை மீட்கத்தான் அதிகம் பாடுபட்டோம். ஆகவே கீழே உள்ள ஒழுங்கை மாற்றாதீர்கள். நான் வைத்தியர் இல்லை. நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் ஒட்சிசன், எவ்வளவு நேரம் என்பதை உங்கள் வைத்தியர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு வரைக்கும் போய்ச் சேருவது எப்படி, அதற்குப் பிறகு வீட்டில் என்ன செய்வது என்பதைத்தான் எழுதுகிறேன்.

1. முதலில் நோயின் பெயரைத் தெளிவாக்குங்கள்

"முட்டு", "இழுப்பு", "சளி வருத்தம்" என்று நாங்கள் சொல்லும் எல்லாம் ஒன்றல்ல. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது கிளினிக்கில் சி.ஓ.பி.டி. என்பது, ஒரு வகை. நுரையீரலில் தழும்பு பிடிக்கும் ஐ.எல்.டி. வேறு வகை. முன்பு காசநோய் வந்து ஆறியதால் நுரையீரலில் வடு இருப்பவர்களும் இருக்கிறார்கள். உடற்பயிற்சி நேரத்தில் ஒட்சிசன் கொடுப்பதால் வரும் பயன் இந்த வகைகளுக்கு ஒரேமாதிரி இல்லை. ஆகவே பெயர் தெரியாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையம் உண்டு. அங்கே சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் பார்ப்பார்கள். காசநோய் இல்லை என்பது உறுதியாக வேண்டும், அதைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள். ஊதும் பரிசோதனைக்கும் சுவாச நோய் வைத்திய நிபுணரிடமும் கடிதம் தந்து அனுப்புவார்கள். எங்கள் பக்கத்தவர்கள் அநேகமாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போவார்கள். சிக்கலானவர்களை வெலிசறையில் உள்ள சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலைக்கு அனுப்புவதும் உண்டு. அரசாங்க வைத்தியசாலையில் இவை எல்லாம் இலவசம். செலவாவது போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும், அத்தோடு உங்களுடைய ஒரு நாள் சம்பளம்.

ஒரு பையில் இவற்றைப் போட்டு வையுங்கள்: அடையாள அட்டையும் அதன் இரண்டு பிரதியும், கிளினிக் கொப்பி, வார்டில் இருந்து வந்திருந்தால் டயக்னோசிஸ் காட், பழைய எக்ஸ்ரே, சி.டி. படங்கள், எக்கோ, ஈசிஜி துண்டுகள், பாவிக்கும் இன்ஹேலர்களும் குளிசைகளும். மருந்தின் பெயரை எழுதிக்கொண்டு போவதைவிட மருந்தையே கொண்டு போங்கள். அம்மாவின் பழைய எக்ஸ்ரேயை நாங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போய், அதற்காக மட்டும் இன்னொரு நாள் திரும்பிப் போக வேண்டி வந்தது. பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் வருத்தம் கூடுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று சொல்ல முடியுமாம்.

2. நடக்கும்போது அளக்கச் சொல்லிக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு படியை மட்டும்தான் வாசிக்க நேரம் என்றால் இதை வாசியுங்கள்.

கிளினிக்கில் கூட்டம். இருக்க வைத்து விரலில் மாட்டுவார்கள், 95 காட்டும், கொப்பியில் எழுதி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் எழுதியது பிழையில்லை, ஆனால் உங்கள் பிரச்சினை அந்த இலக்கத்தில் இல்லை. "ஐயா, இருந்தால் ஒன்றுமில்லை, நடந்தால்தான் இறங்குது. ஆறு நிமிட நடைப் பரிசோதனை செய்யலாமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நாங்கள் மூன்றாவது தடவைதான் கேட்டோம். கேட்ட அன்றே நாள் குறித்துத் தந்தார்கள்.

பரிசோதனை எளிது. 30 மீற்றர் நீளமான நேரான நடைபாதையில் இரு முனையிலும் அடையாளம் வைத்து, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடியுமோ அவ்வளவு நடக்கச் சொல்வார்கள். களைத்தால் நிற்கலாம், ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். தூரம், ஒட்சிசன், நாடித் துடிப்பு, மூச்சுமுட்டு எவ்வளவு என்ற 0 முதல் 10 வரையான கணக்கு, எல்லாம் எழுதுவார்கள். அம்மா 95இல் தொடங்கினார். நாலாவது நிமிடத்தில் 83. தாதி உடனே கதிரையை இழுத்து வந்து இருத்தினார். இருக்க வைத்து அளந்தபோது ஒருவருக்கும் தெரியாமல் கிடந்த விஷயம் நாலு நிமிடத்தில் தாளில் வந்துவிட்டது.

போகும் நாளில் காலை இன்ஹேலரை வழமைபோல எடுங்கள், நிறுத்தச் சொல்லியிருந்தால் மட்டும் நிறுத்துங்கள். இலேசான சாப்பாடு, பிடிப்பான செருப்பு. நகத்தில் பூச்சு இருந்தால் அழித்துவிட்டுப் போங்கள், விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள்.

ஒட்சிசன் போட்டுக்கொண்டு அதே நடையை இன்னொரு தடவை நடக்க வைப்பார்களா என்றும் கேளுங்கள். ஒட்சிசனோடு நடந்தால் தூரம் கூடுகிறதா, மூச்சுமுட்டு குறைகிறதா என்று தெரியாமல் காசு செலவழிப்பது இருட்டில் நடப்பது மாதிரி.

சிலருக்கு மணிக்கட்டு நாடியில் இரத்தம் எடுப்பார்கள். வலிக்கும், ஆனாலும் மறுக்காதீர்கள். சி.ஓ.பி.டி. உள்ள சிலரின் உடம்பில் காபனீரொட்சைட் தேங்கி நிற்கும். அவர்களுக்கு ஒட்சிசனைக் கூடக் கொடுத்தால் தேக்கம் இன்னும் கூடும், மயக்கம் வரை போகலாம். அதனால்தான் அவர்களுக்கு இலக்கு 88 முதல் 92 வரை என்று எழுதுவார்கள். "கூடக் கொடுத்தால் நல்லதுதானே" என்று வீட்டில் யாரும் குமிழைத் திருப்பக் கூடாது.

3. உண்மையில் ஒட்சிசன் வேண்டுமா?

இருக்கும்போதே 88 அல்லது அதற்குக் கீழே இருப்பவர்களின் கதை வேறு. அவர்களுக்கு நாளொன்றுக்கு 15 மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஒட்சிசன் தேவைப்படும், அது ஆயுளைக் கூட்டும் சிகிச்சை. அவர்கள் பயிற்சி செய்யும்போதும் அதைக் கழற்றக் கூடாது.

நடந்தால் மட்டும் இறங்குபவர்களுக்கு விடை அவ்வளவு நேரானதல்ல. ஆஸ்திரேலியாவில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி இயன்மருத்துவர் (பிசியோதெரபி செய்பவர்) எங்களுக்குச் சொன்னார். நடக்கும்போது 90க்குக் கீழே போகும் சி.ஓ.பி.டி. நோயாளர்களை இரண்டு பகுதியாகப் பிரித்து, கிழமைக்கு 3 நாள் வீதம் 8 கிழமை பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பகுதிக்கு ஒட்சிசன், மற்றப் பகுதிக்கு வெறும் காற்று. யாருக்கு எது போகிறது என்று நோயாளருக்கும் தெரியாது, பயிற்சி கொடுத்தவருக்கும் தெரியாது. முடிவில் இரண்டு பகுதியினரும் முன்பைவிட நன்றாக நடந்தார்கள். இரண்டுக்கும் இடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை.

இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. மிசின் வரட்டும் என்று அம்மாவை ஐந்து மாதம் இருத்தி வைத்ததை நினைத்தேன்.

ஒட்சிசன் பயனற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. தழும்பு நோய் (ஐ.எல்.டி.) உள்ளவர்களுக்கு, நடக்கும்போது ஒட்சிசன் கொடுத்தால் மூச்சுமுட்டு குறைந்து அன்றாட வாழ்க்கை இலகுவாகிறது என்று 2018இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. சி.ஓ.பி.டி.யிலும் சிலருக்கு ஒட்சிசனோடு நடந்தால் தூரம் நன்றாகக் கூடும். அம்மா அப்படிப்பட்டவர், 83க்குப் பதிலாக 90இல் நின்றார், பயமும் போனது. உங்கள் வீட்டவருக்கு எப்படி என்பதை இரண்டாவது நடைதான் சொல்லும். ஒட்சிசன் வேண்டாம் என்று முடிவானால் ஏமாற்றம் அடையாதீர்கள். பயிற்சியை அடுத்த நாளே தொடங்கலாம் என்பதுதான் அதன் பொருள்.

4. துண்டில் என்ன எழுதி இருக்க வேண்டும்

"ஒட்சிசன் 2 லீற்றர்" என்று மட்டும் எழுதிய துண்டோடு வீட்டுக்கு வராதீர்கள். இருக்கும்போது எத்தனை லீற்றர், நித்திரையில் எத்தனை, நடக்கும்போது எத்தனை, இந்த மூன்றும் தனித்தனியாக வேண்டும். ஒன்று தேவையில்லை என்றால் தேவையில்லை என்று எழுதட்டும். இலக்கு எது (88 முதல் 92 வரையா, அதற்கு மேலா), எந்த இலக்கத்துக்குக் கீழே போனால் பயிற்சியை நிறுத்த வேண்டும், மறுபடி எப்போது வர வேண்டும் என்பதும் வேண்டும். வைத்தியரின் கையெழுத்தும் முத்திரையும் தெளிவாகத் தெரியட்டும். சிலிண்டர் கொடுக்கும் இடத்தில் இதைத்தான் முதலில் கேட்பார்கள். ஐந்து பிரதி எடுத்து வையுங்கள்.

இந்தத் துண்டின் ஒரு பிரதியோடு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரையும் போய்ப் பாருங்கள். மருத்துவ உதவி ஏதும் கிடைக்குமா என்று அவரிடம் கேட்டால்தான் தெரியும். கிராம சேவகரின் உறுதிக் கடிதத்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்டால் ஒரு பயணம் மிச்சம்.

5. சிலிண்டரா மிசினா: கணக்குப் போட்டுப் பாருங்கள்

பயிற்சிக்கு மட்டும் என்றால் தேவை நினைப்பதைவிடச் சிறியது. நிமிடத்துக்கு 2 லீற்றர் வீதம் அரை மணித்தியாலத்துக்கு 60 லீற்றர். கிழமைக்கு நாலு நாள் என்றால் 240 லீற்றர்.

சிலிண்டரின் தோளில் அதன் நீர்க் கொள்ளளவு பொறிக்கப்பட்டிருக்கும். அதை அமுக்க மானி காட்டும் இலக்கத்தால், பார் கணக்கில், பெருக்கினால் உள்ளே இருக்கும் ஒட்சிசன் லீற்றரில் வரும். 10 லீற்றர் சிலிண்டர், 150 பார் என்றால் 1500 லீற்றர். அடியில் 300ஐ இருப்பாக விடுங்கள். மிச்சம் 1200 லீற்றர், ஐந்து கிழமைக்குக் காணும். நாங்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் மிசின் பக்கமே போயிருக்க மாட்டோம்.

விலை அடிக்கடி மாறுவதால் நான் கொடுத்த தொகையை எழுதவில்லை. எதற்கெல்லாம் காசு போகும் என்பதைச் சொல்கிறேன்: சிலிண்டருக்கு வைப்புப் பணம் அல்லது மாத வாடகை, ஒவ்வொரு தடவையும் நிரப்பும் செலவு, ரெகுலேற்றர், திறப்பு, தாங்கி அல்லது தள்ளுவண்டி, மூக்குக் குழாய், அப்புறம் ஏற்றி இறக்கும் ஓட்டோக் காசு. வைப்புப் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். நிரப்புவதற்கு எங்கே கொண்டுபோக வேண்டும் என்றும் கேளுங்கள். வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோக வேண்டி வந்தால் ஒட்சிசனைவிட ஓட்டோவுக்குத்தான் அதிகம் முடியும். வெல்டிங் கடைச் சிலிண்டரை மலிவுக்கு வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மூச்சுக்கு மருத்துவ ஒட்சிசன்தான்.

மிசின், அதாவது காற்றில் இருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும் கொன்சன்ட்ரேற்றர், நீண்ட நேரம் தேவைப்படுபவர்களுக்குத்தான் இலாபம். நாங்கள் ஏமாந்ததும் இங்கேதான். ஒரு கடையில் "1 முதல் 7 லீற்றர் வரை" என்று போட்ட சின்ன மிசினை விற்றார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சின்ன எழுத்தை வாசித்தால், 1 லீற்றரில் 93 வீதம், 7 லீற்றரில் 30 வீதம் என்று இருந்தது. சாதாரணக் காற்றிலேயே 21 வீதம் ஒட்சிசன் இருக்கிறது. குமிழைக் கூட்டக் கூட ஒட்சிசன் ஐதாகிக்கொண்டு போகும் மிசின் அது. கடை திருப்பி எடுக்கவில்லை. ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "5 லீற்றரில் எத்தனை வீதம்?" நல்ல 5 லீற்றர் மிசின் கடைசி லீற்றர் வரைக்கும் 90 வீதத்தை ஒட்டியே கொடுக்கும். கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று காட்டும் மானி அதில் இருக்கும். பாவித்த மிசின் என்றால் அதைப் பாருங்கள்.

கரண்ட் கணக்கு: 5 லீற்றர் மிசின் ஏறத்தாழ 350 வாற்று எடுக்கும். அரை மணித்தியாலப் பயிற்சிக்கு கால் அலகு கூட வராது. ஆனால் நாளுக்கு 15 மணித்தியாலம் ஓடினால் 5.25 அலகு, மாதத்துக்கு 157 அலகு. இது உங்கள் வழமையான பாவனைக்கு மேலே, பில் மேல்படிக்கு ஏறிவிடும். பற்றரியை நம்பியும் அதிகம் இருக்க முடியாது. 100 அம்பியர் மணி வாகனப் பற்றரி ஒன்று இந்த மிசினை ஒன்றரை மணித்தியாலம் இழுத்தால் பெரிய காரியம். முழு நேரமும் ஒட்சிசன் வேண்டியவர்கள் வீட்டில் மிசின் இருந்தாலும் ஒரு நிரம்பிய சிலிண்டரைப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

தோளில் மாட்டும் சின்ன மிசின்களில் பல, மூச்சை இழுக்கும்போது மட்டும் ஒரு வீச்சு விடும் வகை. அதில் "2" என்பது நிமிடத்துக்கு 2 லீற்றர் அல்ல, வெறும் படி இலக்கம். வேகமாக மூச்சு வாங்கும்போது சிலருக்கு அது காணாது. அந்த மிசினையே போட்டு நடந்து பார்க்காமல் வாங்க வேண்டாம்.

6. வீட்டில் பயிற்சி

மிசின் உள்ளவர்களுக்கு ஒரு வழி: நீளமான குழாய் வாங்குங்கள். பெரும்பாலான 5 லீற்றர் மிசின்களுக்கு 15 மீற்றர் வரை போடலாம். எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். நாங்கள் திருப்பிக் கொடுக்க முடியாமல் போன மிசினை விட்டு, உறவினர் ஒருவரின் பெரிய மிசினை இரவல் வாங்கினோம். அதை விறாந்தையில் வைத்து, முற்றத்தில் பத்து மீற்றர் இடைவெளியில் இரண்டு கல் போட்டோம். அம்மா குழாயை இடது கையில் ஆட்டுக்கயிறு மாதிரிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் இருந்து மற்றக் கல்லுக்கு நடப்பார். திரும்பும்போது குழாயை விலக்கிவிட்டுத் திரும்புவார், கால் தடக்காது. கோழிகளைக் கூட்டில் அடைத்துவிட வேண்டும். ஒருநாள் சேவல் குழாயைக் கொத்திவிட்டது, காற்றுப் போகும் சத்தம் கேட்டுத்தான் கண்டுபிடித்தோம்.

எங்களுக்கு எழுதித் தந்த முறை இது. தொடங்குவதற்குக் கால் மணித்தியாலம் முன்பு இன்ஹேலர். இரண்டு நிமிட நடை, ஒரு நிமிட நிற்றல், இப்படி ஐந்து தடவை. ஒவ்வொரு கிழமையும் நடையைக் கொஞ்சம் கூட்டி நிற்பதைக் குறைத்து, அரை மணித்தியாலம் வரை கொண்டு வருவது. மூச்சுமுட்டு 10இல் 3, 4 அளவில் இருக்கலாம், அதாவது ஒரு வசனத்தை இரண்டாக உடைத்துத்தான் சொல்ல முடியும் என்ற அளவு. மூச்சே வாங்காத நடை பயிற்சியாகாது. அதன்பின் கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் எழும்பி இருத்தல் பத்துத் தடவை. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைக் கைகளால் தூக்கி இறக்குதல் பத்துத் தடவை. கிழமைக்கு நாலு நாள்.

மூச்சை வெளியே விடுவதில் கவனம். மூக்கால் இழுத்து, சுடுதேத்தண்ணியை ஆற ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக விட வேண்டும். இழுப்பதைப்போல இரண்டு மடங்கு நேரம் விடட்டும். அடுப்பு ஊதுவதுபோல பலமாக ஊதக் கூடாது. அம்மாவுக்கு இந்தப் பழக்கம் மாற இரண்டு கிழமை எடுத்தது.

ஒட்சிமீற்றரை நடந்துகொண்டே பார்த்தால் கை ஆடுவதால் இலக்கம் துள்ளும். நின்று, கையை நெஞ்சோடு அசைக்காமல் வைத்து, அரை நிமிடம் பாருங்கள். நின்ற பிறகும் கொஞ்சம் இறங்கித்தான் ஏறும், பயப்பட வேண்டாம். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடக் காட்டலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். 88 காட்டும்போது முகம் வேறு கதை சொன்னால் முகத்தை நம்புங்கள்.

நேரம்: வெயில் ஏறுமுன். சோளகக் காற்றுப் புழுதியிலும், அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கும் நாட்களிலும் வீட்டுக்குள்ளேயே நடங்கள். மழைக்காலத்தில் நின்ற இடத்தில் காலைத் தூக்கித் தூக்கி வைத்தாலும் போதும்.

7. இவற்றில் விளையாட வேண்டாம்

ஒட்சிசன் தானாக எரியாது, ஆனால் எரிவதை மிக வேகமாக எரிய வைக்கும். அடுப்பு, குத்துவிளக்கு, சாம்பிராணி, பீடி, சுருட்டு எதுவும் மூன்று மீற்றருக்குள் வரக் கூடாது. அம்மா குழாயோடு குசினிக்குள் ஒருநாள் போய்விட்டார், நல்லவேளை அடுப்பு அணைந்திருந்தது. அன்றிலிருந்து குசினி வாசலில் ஒரு கயிறு கட்டியிருக்கிறோம்.

தேங்காய் எண்ணெய் தேய்த்த கையால் ரெகுலேற்றரைத் தொடாதீர்கள். மூக்கு வறண்டால் வசிலினோ பாமோ பூசாதீர்கள், மருந்துக் கடையில் நீரில் கரையும் ஜெல் கேளுங்கள். சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியில் கட்டி நிமிர்த்தி வையுங்கள், மெதுவாகத் திறவுங்கள். ஓட்டோவில் கொண்டுவரும்போது உருளாமல் கட்டி, காற்றோட்டமாக விடுங்கள். வெயிலில் நிறுத்தி வைக்கக் கூடாது. மிசினின் காற்று வடிகட்டியைக் கிழமைக்கு ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள். எங்கள் செம்மண் புழுதிக்கு அதுகூடக் காணாது.

காய்ச்சல், சளியின் நிறம் மாறுதல் இருந்தால் அன்று பயிற்சி இல்லை, கிளினிக்குக்குப் போங்கள். நெஞ்சுவலி, சளியில் இரத்தம், இருந்து இளைப்பாறியும் ஏறாத ஒட்சிசன், காலையில் கடும் தலையிடியோடு தூக்கக் கலக்கம், இவற்றில் எது வந்தாலும் 1990க்கு எடுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். ஊர்ப் பெயரோடு பக்கத்துச் சந்தி, கோயில், பாடசாலை ஒன்றையும் சொல்லுங்கள், ஒருவரை வீதிக்கு வந்து நிற்கச் சொல்லுங்கள்.

8. மறுபடி போகும்போது

வார்டில் இருந்து வரும்போது ஒட்சிசன் தந்து அனுப்பியிருந்தால் மூன்று மாதத்துக்குள் மறுபடி அளக்க வேண்டும். பலருக்கு அதற்குள் தேவையே இல்லாமல் போகும், வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மற்றவர்களும் எட்டுக் கிழமைப் பயிற்சி முடிந்ததும் ஆறு நிமிட நடையைத் திரும்பச் செய்யக் கேளுங்கள்.

ஒரு பாடசாலைக் கொப்பியில் ஒவ்வொரு நாளும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: திகதி, எத்தனை தடவை கல்லுக்குக் கல் நடந்தார், தொடக்க ஒட்சிசன், இறங்கிய அடி இலக்கம், மூச்சுமுட்டு 10இல் எத்தனை. அம்மாவின் கொப்பியில் முதல் பக்கத்தில் 6 தடவை, அடி இலக்கம் 84, மூச்சுமுட்டு 7 என்று இருக்கிறது. எட்டாவது கிழமையில் 38 தடவை, 89, 4. வைத்தியர் அந்தக் கொப்பியைத்தான் முதலில் கையில் எடுத்தார், நடக்கும்போது கொடுக்கும் லீற்றரை அதைப் பார்த்துத்தான் மாற்றி எழுதினார்.